சூட்டில் மட்டும் தோன்றும் பழுது

படகு எஞ்சின்களில் ஒரு வகைப் பழுது உண்டு. காலையில் முதல் முயற்சியிலேயே எஞ்சின் கிளம்பும். ஒரு மணி நேரம் குறையில்லாமல் ஓடும். நிறுத்திவிட்டுக் கால் மணி, அரை மணி கழித்து மறுபடி முயன்றால் செல்ஃப் மோட்டார் சுழலும், எஞ்சின் பிடிக்காது. இன்னும் ஒரு மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். கரைக்கு இழுத்துவந்து மெக்கானிக்கிடம் காட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கும். பழுது அங்கே இருக்காது.

இதைப் பழுதுபார்க்கும் வேலையோடு முடிகிற விஷயமாக எண்ணிவிட முடியாது. இதற்குள் இரண்டு பழைய கேள்விகள் இருக்கின்றன. வெளிப்படாத நேரத்தில் அந்தப் பழுது எஞ்சினுக்குள் இருக்கிறதா, இல்லையா? வெளிப்பட்ட காரியத்தைக் கொண்டு, கண்ணுக்குத் தெரியாத காரணத்தை அறிவது எப்படி? முதல் கேள்வியில் சாங்கியரும் நையாயிகரும் பௌத்தரும் சமணரும் சைவ சித்தாந்திகளும் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் மறுத்து எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வி தமிழில் அளவை என்ற பெயரில் தனி இயலாகவே வளர்ந்தது. இரண்டையும் ஆராய்வதற்கு முன் எஞ்சினுக்குள் நடப்பது தெளிவாக வேண்டும்.

பெட்ரோலுக்குத் தண்ணீரைப்போல ஒரே கொதிநிலை கிடையாது. அது பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. இலேசானவை சுமார் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். எஞ்சின் ஓடும்போது ஏரிநீரோ கடல்நீரோ அதைச் சுற்றிவந்து சூட்டை எடுத்துச் செல்கிறது. தொட்டியிலிருந்து புதிய பெட்ரோல் வந்துகொண்டே இருப்பதால் குழாய்களும் குளிர்ச்சியாக இருக்கின்றன. எஞ்சினை நிறுத்தியதும் இரண்டு ஓட்டமும் ஒரே நொடியில் நின்றுவிடுகின்றன. சிலிண்டர் வார்ப்பில் தேங்கிய வெப்பம் மேல்மூடிக்குள் பரவி, பெட்ரோல் பம்ப்பையும் குழாயையும் சுடவைக்கிறது. ஆகவே பெட்ரோல் பாகங்கள் உச்சச் சூட்டை அடைவது எஞ்சின் ஓடும்போது அல்ல, நின்ற பிறகு. கிளம்ப மறுப்பது நிறுத்திய உடனே நிகழாமல் கால் மணி கழித்து நிகழ்வதற்குக் காரணம் இதுவே.

சூட்டுக்கு எதிராகப் பெட்ரோலைத் திரவமாகவே வைத்திருப்பது அழுத்தம். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும், குறைந்தால் தாழும். இன்ஜெக்டர் வகை எஞ்சின்களில் மின்பம்ப் பெட்ரோலை உயர் அழுத்தத்தில் தள்ளுகிறது. பல நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் இது 40 பிஎஸ்ஐ அளவை ஒட்டி இருக்கும்; சரியான எண் மாடலுக்கு மாடல் மாறும். எஞ்சின் நின்ற பிறகும் அந்த அழுத்தத்தின் பெரும்பகுதி தங்கவேண்டும். பம்ப்பிலுள்ள ஒருவழி வால்வும் ரெகுலேட்டரும் இன்ஜெக்டர்களும் கசியாமல் மூடியிருந்தால் அது தங்கும். இவற்றில் ஒன்று கசிந்தாலும் அழுத்தம் இறங்கி, சூடான பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகும். திரவத்தைத் தள்ளுவதற்கென்று செய்யப்பட்ட பம்ப் ஆவிக்குள் சுழன்றால் அழுத்தம் ஏறாது. தொட்டியிலிருந்து எஞ்சின் வரையுள்ள உறிஞ்சுபக்கத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடவே குறைவு. அடைத்த ஃபில்டர், மடங்கிய ஹோஸ், திறக்க மறந்த தொட்டிமூடியின் காற்றுத்துளை எல்லாம் அதை மேலும் குறைக்கும். கார்புரேட்டர் வகையில் வேறு விதம்: கிண்ணத்திலுள்ள பெட்ரோல் கொதித்து வழிந்து எஞ்சினை மூழ்கடிக்கும், அல்லது கிண்ணமே வற்றிப்போகும்.

ஜவ்வாது மலை போன்ற இடத்தில் உயரமும் கணக்கில் சேர்கிறது. அந்த மலையிலுள்ள காவலூர் கடல்மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. அதே மலையின் ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் விடும் படகானாலும், மலைச்சாலையில் வளைவு வளைவாக ஏறிவந்து நிற்கும் பழைய கார்புரேட்டர் வண்டியானாலும், திறந்த கிண்ணத்திலுள்ள பெட்ரோல் அங்கே கடலோரத்தைவிடச் சற்று முன்னதாகவே கொதிக்கும். இந்தியச் சந்தையில் 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலவையும் கவனிக்கத்தக்கது. அடிப்படைப் பெட்ரோலில் குறைந்த விகிதத்தில் எத்தனாலைச் சேர்க்கும்போது ஆவியழுத்தம் ஓரளவு உயரும்.

ஆக, ஆவியடைப்பு என்னும் இந்தப் பழுதுக்கு மூன்று கூட வேண்டும்: சூடு, அழுத்தக் குறைவு, எளிதில் ஆவியாகும் எரிபொருள். தனித்தனியே மூன்றும் தீங்கற்றவை. எஞ்சின் சூடாவது இயல்பு, எரிபொருள் ஆவியாவது அதன் குணம், உறிஞ்சுபக்கத்தில் அழுத்தம் குறைவதும் இயல்பு.

இந்த இடத்தில்தான் முதல் கேள்வி எழுகிறது. குளிர்ந்திருக்கும் எஞ்சினில் பழுது இருக்கிறதா?

சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் இருக்கிறது என்பார்கள். இல்லாதது தோன்றாது, காரியம் தோன்றுவதற்கு முன்பே காரணத்துக்குள் நுண்மையாக இருக்கிறது, தோற்றம் என்பது மறைந்திருந்தது வெளிப்படுவது மட்டுமே. இதுவே சற்காரியவாதம். குடம் மண்ணில் முன்பே இருந்தது, குயவன் அதை வெளிக்கொணர்ந்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதம் தொடங்குவதே தோன்றி, நின்று, ஒடுங்குகிற உலகத்தைப் பற்றிய இந்தச் சிந்தனையில்தான். நியாய, வைசேடிகர்கள் இதை ஏற்பதில்லை. மண்ணில் குடம் இல்லை. இருந்திருந்தால் மண்ணிலேயே தண்ணீர் மொண்டிருக்கலாம். காரியம் புதிதாகத் தொடங்குகிறது என்பது அவர்கள் கட்சி. பௌத்தர் வேறொரு வழியில் போகிறார்கள். எதுவும் தனக்கென்ற ஒரு காரணத்திலிருந்து பிறப்பதில்லை. சார்புகள் கூடும்போது நிகழ்கிறது, சார்பு நீங்கினால் நின்றுவிடுகிறது. மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பன்னிரண்டு நிதானங்களாக விரித்துச் சொல்வது இந்தச் சார்பைத்தான்.

மூன்று கட்சிகளையும் எஞ்சினில் வைத்துப் பார்க்கலாம். இரவில் ஆறிக் கிடக்கும் எஞ்சினின் பெட்ரோல் குழாயில் ஒரு பிரஷர் கேஜை மாட்டி, சாவியைத் திருப்பிப் பம்ப்பைச் சில நொடிகள் ஓடவிட்டு நிறுத்தினால் முள் ஏறி நிற்கும். நல்ல வால்வுகள் இருந்தால் முள் நெடுநேரம் பெரிதாக இறங்காது. கசியும் வால்வு இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முள் சரியத் தொடங்கும். சூடே இல்லாத நேரத்தில், எஞ்சின் எந்தக் குறையையும் காட்டாத நேரத்தில், கசிவு அங்கே இருக்கிறது. இந்த அளவுக்குச் சற்காரியவாதி சொன்னது சரி. ஆனால் ஆவி இல்லை. ஆவியடைப்பு நேற்று மாலையும் இல்லை, இன்று காலையும் இல்லை. சூடு ஏறியபோது பிறந்தது, ஆறியபோது அழிந்தது. இந்த அளவுக்கு நையாயிகர் சொன்னது சரி. இதைவிடக் கடினமான நிலையும் உண்டு. எல்லா வால்வுகளும் கையேடு சொல்லும் அளவுக்குள்ளேயே இருந்தும், நடுக்கோடையில் ஆவியடைப்பு வருகிற படகுகள் இருக்கின்றன. அங்கே எந்த ஒரு பாகத்தையும் கழற்றிக் கையில் வைத்து இதுதான் பழுது என்று காட்ட இயலாது. பாகங்கள் கூடிய கூட்டமே பழுது. பௌத்தரின் விளக்கம் தவிர வேறெதுவும் இந்த நிலையைச் சரியாகச் சொல்வதாகத் தெரியவில்லை.

ஜவ்வாது மலைத்தொடருக்குக் கிழக்கே, போளூருக்கு அருகில், திருமலை என்னும் சமணத் தலம் இருக்கிறது. பாறையில் செதுக்கிய நேமிநாதரின் பேருருவமும், குந்தவையின் பெயர் தாங்கிய ஜினாலயமும், இராசேந்திர சோழனின் வெற்றிகளைப் பட்டியலிடும் கல்வெட்டும் அங்கே உள்ளன. அந்தச் சமயத்தின் அநேகாந்தம் இந்தக் கேள்விக்கு மிகப் பொறுமையான விடையைத் தருகிறது. எந்தப் பொருளைப் பற்றியும் உண்டு என்றோ இல்லை என்றோ வெறுமனே சொல்லக்கூடாது; பொருள், இடம், காலம், நிலை ஆகிய நான்கையும் குறித்துச் சொல்லவேண்டும். கசிவு என்ற பொருளைக் குறித்துப் பழுது காலையிலும் உண்டு. ஆவி என்ற நிலையைக் குறித்துக் காலையில் இல்லை. கடலோரம் என்ற இடத்தைக் குறித்து இல்லாதது மலையேரியில் உண்டாகலாம். மாற்றுக் கட்சியாரையும் மகிழ்விக்கும் சமாதானப் பேச்சு என்று இதை ஒதுக்குவது அநியாயம். எந்தக் காலத்தில், எந்த நிலையில் என்று குறிக்காமல் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று கரையில் கொடுக்கப்படும் சான்றிதழ் எவ்வளவு பயனற்றது என்பது நடுநீரில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இனி இரண்டாவது கேள்வி. காரணத்தை அறிவது எப்படி?

மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் அளவைவாதி அறியும் வழிகளாகப் பத்து அளவைகளை அடுக்குகிறான். அவற்றுள் ஊகமாகிய கருத்தளவை பொது, எச்சம், முதல் என மூவகைப்படும். கருக்கொண்ட மேகத்தைக் கண்டு மழை வரும் என்பது முதல்: காரணத்திலிருந்து காரியத்துக்குப் போவது. ஆற்றில் வெள்ளத்தைக் கண்டு மேலே மழை பெய்தது என்பது எச்சம்: காரியத்திலிருந்து காரணத்துக்குத் திரும்புவது. பழுது தேடுபவரின் வேலை முழுக்க இந்த எச்சமே. அந்த உதாரணம் இந்த நிலப்பகுதிக்கு நேராகவே பொருந்துகிறது. செய்யாறு பிறப்பது ஜவ்வாது மலையில். அது காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. மணிமேகலை பௌத்த அளவையைக் கேட்டறிவதும் காஞ்சியில்தான். கீழே செய்யாற்றில் தண்ணீர் புரண்டு வந்தால் மேலே மலையில் மழை என்று கரையோரத்து உழவர் சொல்வது காலங்காலமான எச்சம்.

ஆனால் அந்த எச்சம் எவ்வளவு நம்பத்தக்கது? நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் இந்த ஐயத்தை எழுப்புகிறது. ஆறு பெருகியதற்கு மழைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? கீழே எங்கோ அடைப்பு ஏற்பட்டும் நீர் உயரலாமே? உரைகாரர் வாத்சியாயனர் தரும் விடையில் இன்றைய எஞ்சின் மெக்கானிக்கும் கற்க வேண்டியது இருக்கிறது. வெறும் நீர்ப்பெருக்கு ஏது, அதாவது ஊகத்துக்கு ஆதாரமான அடையாளம், அல்ல. வேகமான ஓட்டம், நுரை, மிதந்துவரும் இலைகளும் பழங்களும் மரத்துண்டுகளும் கூடிய பெருக்கே மழைக்கு ஏது. அடைப்பால் உயர்ந்த நீரில் இவை இருக்கா. ஊகம் தவறியதாகத் தோன்றும் பல இடங்களில் உண்மையில் தவறியது ஏதுவைப் பார்த்த பார்வை.

எஞ்சின் கிளம்பவில்லை என்பது வெறும் நீர்ப்பெருக்கைப் போன்ற ஏது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. சூட்டில் கிளம்பவில்லை என்றாலும் தீரவில்லை. பற்றவைப்புக் காயிலின் கம்பிச்சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு விட்டிருக்கலாம். எஞ்சினின் சுழற்சியை உணரும் சென்சார் சூட்டில் மட்டும் ஊமையாகலாம். வெப்பநிலை சென்சார் பொய் சொல்லி, சூடான எஞ்சினுக்குக் குளிர்ந்த எஞ்சினுக்கான அளவில் பெட்ரோல் போகலாம். செல்ஃப் மோட்டாரே சூட்டில் மெதுவாகச் சுழலலாம். பெட்ரோலே இல்லாமல் டீசலில் ஓடும் நாட்டுப்படகு எஞ்சினிலும் இதே அறிகுறி வரும். அங்கே தேய்ந்த இன்ஜெக்ஷன் பம்ப்புக்குள் சூட்டில் இளகிய டீசல் இடுக்கு வழியே நழுவி, கிளப்பும் வேகத்தில் போதிய அழுத்தம் ஏறாது. அறவண அடிகள் கற்பிக்கும் ஏதுப்போலிகளில் அநைகாந்திகம் என்ற இனம் இதற்கே உரியது: நிறுவ வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது எதையும் நிறுவாது.

ஆகவே நுரையையும் இலையையும் தேடவேண்டும். சூட்டில் கிளம்ப மறுக்கும் அந்த நேரத்திலேயே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், அது உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது அல்லது தீப்பொறி இல்லை. உலர்ந்திருந்தால் கேஜின் முள்ளைப் பார்க்கவேண்டும். அழுத்தம் கையேட்டின் எண்ணை எட்டவில்லை என்றால் தொட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள கையமுக்குப் பந்தை இறுகும்வரை அமுக்கி மீண்டும் முயலவேண்டும். உடனே கிளம்பினால் சந்தேகம் உறிஞ்சுபக்கத்துக்கு நகர்கிறது. அப்போது கையடக்கத் தொட்டி ஒன்றைப் புது ஹோஸோடு நேராக எஞ்சினில் இணைத்து ஓட்டினால் படகின் தொட்டி, ஃபில்டர், நீண்ட குழாய் அத்தனையும் ஒரே அடியில் விலக்கப்படுகின்றன. ஹோஸில் ஓரிடத்தில் ஒளிபுகும் குழாய்த்துண்டு ஒன்றை வைத்தால் குமிழிகள் வருவதைக் கண்ணாலேயே காணலாம். ஊகம் அங்கே காட்சியாகிவிடும். இவை எல்லாவற்றிலும் தீயின் அபாயம் உண்டு. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கும். அழுத்தத்தை இறக்காமல் இணைப்பைக் கழற்றுவதும், மூடிய அறையைக் காற்றாடவிடாமல் பிளக்கில் பொறி பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து.

இந்த முறையின் உள்ளியல்பு உடன்பாடும் எதிர்மறையும். ஒன்று உள்ள இடத்தில் மற்றது இருப்பதும், இல்லாத இடத்தில் இல்லாதிருப்பதும் சேர்ந்தே தொடர்பை நிறுவும். பழுதுபார்ப்பில் பெரும்பாலோர் உடன்பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். புது பம்ப் போட்டார்கள், எஞ்சின் கிளம்பியது. எனவே பழைய பம்ப்தான் காரணம் என்கிறார்கள். புது பம்ப் போட எடுத்த இரண்டு மணி நேரத்தில் எஞ்சின் ஆறிவிட்டது என்பதை யாரும் எண்ணுவதில்லை. பிற்கால நியாய நூல்கள் இதை உபாதி என்ற பெயரில் ஆராய்ந்தன. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரியான தொடர்பு. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது சரியல்ல, ஏனென்றால் ஈரவிறகு என்னும் நிபந்தனை இடையில் ஒளிந்திருக்கிறது. பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புது பம்ப்புக்கும் கிளம்பிய எஞ்சினுக்கும் இடையில் ஒளிந்திருக்கும் ஈரவிறகு, கழிந்துபோன இரண்டு மணி நேரம். பழைய பம்ப்பை மறுபடி மாட்டி, அதே அளவு சூடாக்கி, பழுது திரும்பி வருகிறதா என்று பார்ப்பதே எதிர்மறை. அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் அதைச் செய்யாதவர் கையில் இருப்பது ஊகம்கூட அல்ல. மணிமேகலையின் அளவைவாதி குற்றமுள்ள அறிவுகள் எட்டைக் கூறும்போது தேராது தெளிதலையும் ஒன்றாக எண்ணுகிறான். ஆராயாமல் கட்டுத்தறியை மனிதன் என்று உறுதிகொள்வது அது. தறியோ மனிதனோ என்று தடுமாறும் ஐயத்தை அவன் தனியே வேறாக வைக்கிறான். இரண்டும் குற்றமே. ஆனாலும் ஐயப்படுபவருக்கு இன்னும் பார்க்கத் தோன்றும்; தேராது தெளிந்தவருக்கு அது தோன்றாது என்பதால் தேராது தெளிதலே கொடியது.

சூடான பம்ப்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பார்ப்பது கடலோரத்திலும் பட்டறைகளிலும் பரவலான சோதனை. துணி போட்டதும் எஞ்சின் கிளம்பினால் பழுது சூட்டோடு சேர்ந்தது, அதுவும் இந்த இடத்துச் சூட்டோடு, என்பது வரை உறுதி. ஆவியடைந்த பெட்ரோல் பம்ப்பும் ஈரத்துணியால் குணமாகும், தேய்ந்த டீசல் பம்ப்பும் ஈரத்துணியால் குணமாகும். ஒன்றில் ஆவி திரவமாகிறது, மற்றதில் எண்ணெய் கெட்டியாகி இடுக்கு அடைபடுகிறது. காரணம் இருக்கும் இடத்தைக் காட்டும் சோதனை அதன் தன்மையையும் காட்டிவிடும் என்று எண்ணக்கூடாது.

காரியத்திலிருந்து காரணத்துக்குப் போவதில் உள்ள இந்த இடர் ஜவ்வாது மலையிலேயே, வானத்தைப் பற்றிய ஒரு விஷயத்தில், உலகறிய நிகழ்ந்திருக்கிறது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு மங்கலான விண்மீனை மறைத்துக் கடந்தது. காவலூர் வான் ஆய்வகத்தில் 1 மீட்டர் கார்ல் ஸைஸ் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அந்த விண்மீனின் ஒளியைப் பதிவு செய்தார்கள். கோளிலிருந்து விலகிய ஓரிடத்தில் ஒளி சில நொடிகள் மங்கி மீண்டது. ஏதோ ஒரு பொருள் குறுக்கே வந்தது என்பது ஐயமற்ற எச்சம். என்ன பொருள்? யுரேனசுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கிறது என்று நேச்சர் இதழில் குறிப்பு வெளியானது. அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே பறந்த கைப்பர் வான்வழி ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட்டும் துணைவர்களும், மறைப்பு நேரத்தின் கணிப்பு பிசகக்கூடும் என்று கருவியை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். கோள் விண்மீனை மறைப்பதற்கு முன் ஐந்து முறை ஒளி மங்கியது; மறைப்பு முடிந்த பின்னும் ஐந்து முறை, அதே இடைவெளிகளில், எதிர் வரிசையில். துணைக்கோள்கள் இப்படி இருபுறமும் ஒத்து நிற்கா. வளையங்களே நிற்கும். காவலூர்ப் பதிவுகளை மறுபடி ஆராய்ந்த பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் அதே ஆண்டில் யுரேனசின் வளைய அமைப்பைப் பற்றி எழுதினார்கள். 1986 ஜனவரியில் வாயேஜர் 2 அருகே சென்று வளையங்களைப் படம்பிடித்தது.

காவலூரில் முதலில் பிசகியதாகக் கருவியையோ கண்ணையோ சொல்ல முடியாது. ஒரு பக்கத்து மங்கல் துணைக்கோளுக்கும் பொருந்தும், வளையத்துக்கும் பொருந்தும். அந்த ஏது இரண்டு பக்கமும் போகும். மறுபக்கத்தையும் பார்த்தபோதுதான் ஒன்று விலகியது. சூட்டில் ஒருமுறை கிளம்ப மறுத்ததை மட்டும் வைத்துப் பம்ப்பைக் குற்றஞ்சாட்டுவதும் இந்த அமைப்பிலேயே பிசகுகிறது. திருத்தும் வழியும் ஒன்றுதான்: நிகழ்வுக்கு முன்னும் பின்னும் பதிவு தொடரவேண்டும். பழுது தோன்றும் நேரத்து அழுத்தம் மட்டுமல்லாமல் ஓடும்போது எவ்வளவு, நிறுத்தியபோது எவ்வளவு, கால் மணியில் எவ்வளவு, ஆறியபின் எவ்வளவு என்ற முழு வரிசையும் கையில் இருந்தால் கசியும் வால்வும் உறிஞ்சுபக்க அடைப்பும் ஒன்றுபோலத் தோன்றா. முன்னதில் நிறுத்தியவுடன் முள் சரியும். பின்னதில் ஓடும்போதே, அதுவும் வேகம் கூட்டும்போது, முள் தளரும்.

இவ்வளவு செய்தும் முற்றுறுதி வருமா? மணிமேகலையில் வரும் பூதவாதி வராது என்பான். கண்ணால் கண்டதைத் தவிர எந்த அளவையும் அவனுக்கு உடன்பாடில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தாலன்றி எப்படி அறிவாய் என்ற மணிமேகலையின் கேள்வி அவனுக்கான மறுமொழி. நியாய அறிஞர் உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் இதை மேலும் கூர்மையாக்கினார். ஐயம் எல்லையற்றது அல்ல. ஐயப்படுபவரின் செயலோடு அது முரண்படும் இடத்தில் நின்றுவிடும். நெருப்பால் புகை வருமா என்று ஐயுறுபவரே புகை வேண்டும்போது நெருப்பைத்தான் மூட்டுகிறார். அறிவு சரியா என்பது அந்த அறிவைக் கொண்டு செய்த செயல் பலித்ததா என்பதால் தெரியும் என்பது நியாயக் கட்சி. மீமாஞ்சகர் இதை ஏற்காமல், அறிவு தானே தன் உண்மைக்குச் சான்று, மறுப்பு வரும்வரை அது நிற்கும் என்பார்கள். மெக்கானிக் தன் அனுபவத்தில் மீமாஞ்சகராக நடக்கலாம்; படகை எடுத்துக்கொண்டு நடுநீருக்குப் போகிறவருக்கு நையாயிகரின் கட்டளையே காப்பு.

இதே எச்ச ஊகத்தைச் சமயங்கள் உலகம் முழுமைக்கும் நீட்டியிருக்கின்றன. உலகம் ஒரு காரியம், காரியத்துக்குக் கருத்தா வேண்டும், ஆகவே இறைவன் உண்டு என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை வாதம். மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சிவசத்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். பௌத்தரும் சமணரும் இதை ஏற்கவில்லை. எஞ்சினை வைத்துச் சிந்தித்தவர்களுக்கு மறுப்பின் வலிமை எங்கே இருக்கிறது என்பது விளங்கும். பம்ப்பை எடுத்துவிட்டுப் பார்க்கலாம், கையடக்கத் தொட்டியை மாட்டிப் பார்க்கலாம், ஆறவைத்துச் சூடாக்கிப் பார்க்கலாம். உலகத்துக்கு எதிர்மறை காண வழியில்லை. கருத்தா இல்லாத உலகம் ஒன்றை அருகில் வைத்து ஒப்பிட இயலாது. இந்த வரம்பைச் சித்தாந்திகள் அறியாதவர்கள் அல்ல. அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவைகளை வரையறுத்து, காண்டல், கருதல் ஆகியவற்றோடு உரையையும் சேர்த்துக்கொள்கிறார். ஊகம் எட்டாத இடத்தில் மெய்யுணர்ந்தோர் வாக்கு வேண்டும் என்பது அவர் நிலை. இறைவனைப் பற்றிய அறிவு முழுக்க ஊகத்தால் கிடைப்பதன்று என்று ஒப்புக்கொள்ளும் இந்த நேர்மை, அந்த மரபுக்குப் பலவீனமாகாது.

உரை என்னும் அளவை எஞ்சின் அறையிலும் வேலை செய்கிறது. அழுத்தம் எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைக் காட்சியாலும் அறிய முடியாது, ஊகத்தாலும் அறிய முடியாது. எஞ்சினை வடிவமைத்தவர்களின் கையேடு சொல்லவேண்டும். அந்த எண் இல்லாமல் கேஜின் முள் வெறும் முள். ஆனால் உரைக்கும் நிபந்தனைகள் உண்டு என்று அளவை நூல்கள் வற்புறுத்துகின்றன. சொல்பவர் அதை நேராக அறிந்தவராக இருக்கவேண்டும், பொய் சொல்லும் நோக்கம் இல்லாதவராக இருக்கவேண்டும். வேறொரு மாடலின் எண்ணை நினைவிலிருந்து சொல்லும் அண்டைப் படகுக்காரர் நல்லவராக இருக்கலாம், நம்பத்தக்க ஆப்தர் ஆகமாட்டார்.

பழுது நீங்கியதா என்பதை அறிய, பழுது தோன்றிய நிலையை மறுபடி உண்டாக்கவேண்டும். எஞ்சினை முழுச் சூடு வரும்வரை ஓட்டி, நிறுத்தி, மேல்மூடியைத் திறக்காமல் வைத்து, சூடு உச்சத்தை எட்டும் கால் மணியிலும் அரை மணியிலும் கிளப்பிப் பார்க்கவேண்டும். மூடியைத் திறந்துவைத்துச் செய்யும் சோதனை வேறொரு எஞ்சினைச் சோதிப்பதற்குச் சமம். காற்று புகுந்து நிலையை மாற்றிவிடும். குளிர்காலத்தில் திருத்திய எஞ்சினைச் சித்திரை வெயிலில் ஒருமுறையும், கடலோரத்தில் திருத்தியதை மலையேரியில் ஒருமுறையும் இவ்வாறு பார்க்கவேண்டும். கசிவை நீக்கியபின் கேஜின் முள் நிற்கிறது, ஆனாலும் கடும் வெயிலில் எஞ்சின் மறுக்கிறது என்றால், மிஞ்சியது பாகத்தின் பழுது அல்ல, சார்புகளின் கூட்டம். அப்போது செய்யக்கூடியது சார்புகளில் ஒன்றைத் தளர்த்துவது: பெட்ரோல் குழாயைச் சூடான வார்ப்பிலிருந்து விலக்கிக் கட்டுவது, குழாய்க்கு வெப்ப உறை இடுவது, நிறுத்தும் முன் சில நிமிடங்கள் சுமையில்லாமல் மெதுவாக ஓடவிட்டுச் சூட்டைத் தண்ணீரோடு அனுப்புவது, நிறுத்திய பின் மூடியைத் திறந்துவைப்பது.